தலைப்பிரசவம் யார் செலவு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாமே இலவசம்தான். பிரஷர் பார்ப்பதும், மாத்திரையும், சிறுநீர்ப் பரிசோதனையும். ஆனால் கர்ப்பிணிகளுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியிலோ ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸ் முழுதாகப் போய்விடும். ஏழாம் மாதம் என் மனைவிக்குப் பிரஷர் ஏறியதும் வாரா வாரம் வரச் சொன்னார்கள். கூட்டிப் போக நான்தான்; லீவு நாள் சம்பளம் போயிற்று, போனஸ் போயிற்று. ஷேர் ஆட்டோவில் குலுங்கக் கூடாதென்று தனி ஆட்டோ. அடிக்கடி ஸ்கேன், அதுவும் வெளியே. இலவச வைத்தியத்துக்கு இவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டுக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போய்விடுவார்கள்; தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு.

“நான் ஊருக்குப் போயிட்டா ஒங்களுக்கு லீவு மிச்சம்லா.”

அவ்வளவு தூரம் பயணம் கூடாதென்று நர்ஸ் சொன்னதை அவள் தன் வீட்டுக்குச் சொல்லவில்லை. நான் போனில் சொன்னேன். மாமனார் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்தவன் எதற்கும் பயப்படுவான் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறையில் வளைகாப்பு. அவளை ஊருக்கு அழைத்துப் போக வாசலில் வாடகைக் கார் நின்றது. கல்யாணத்தின்போது போட்ட அளவிலேயே மாமியார் கண்ணாடி வளையல் வாங்கி வந்திருந்தார். சோப்புத் தடவியும் இரண்டுக்கு மேல் ஏறவில்லை. மாப்பிள்ளை நன்றாகத்தான் சோறு போடுகிறார் என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்கார அம்மா மட்டும் சிரிக்காமல் அவள் புறங்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

“இது சோத்து சதை இல்லம்மா, நீரு. தலை நோவுதா?”

“நேத்துலேர்ந்து நோவுது. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

அந்தக் காரிலேயே பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வளைகாப்புக் கலந்த சாதப் பாத்திரங்கள் டிக்கியில் உருண்டுகொண்டே வந்தன. ஏறியிருந்த இரண்டு வளையலையும் நர்ஸ் உடைத்து எடுத்த பிறகுதான் கையில் ஊசி ஏற்ற முடிந்தது. வலிப்பு வராமல் இருக்க மருந்து போவதாகவும், பிரஷர் இறங்காவிட்டால் உடனே குழந்தையை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். மாமியார் உடைந்த துண்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு அழுதார்.

மாமனார் மடியில் பணத்தை வைத்துக்கொண்டு, அதைக் கட்டும் இடத்தைத் தேடி அலைந்தார். அப்படி ஓர் இடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவமானப்பட்டவர் போல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் போன் அடித்தது, சூப்பர்வைசர். நாளை வர முடியாது, எப்போது வருவேன் என்றும் தெரியாது என்றேன். சம்பளத்தில் பிடிப்போம் என்று அவர் கத்தியது மாமனாருக்கும் கேட்டிருக்கும்.

நான் போனை வைத்ததும் மாமனார் கேட்டார்: “மாப்ள, லீவு போட்டா ஒங்களுக்கு எவ்வளவு பிடிப்பாக? அதை நான் தாரேன். அதுவும் தலப்பிரசவச் செலவுதான.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வார்டுக் கதவு திறந்தது. பிரஷர் இன்னும் இறங்கவில்லை, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வாருங்கள் என்று நர்ஸ் கூப்பிட்டார். இருவருமே எழுந்தோம்.