பார்வையிடப்பட்டது

"போலீசு ஊருக்குக் காவல் அம்மா. ஆளாளுக்குக் காவல் நிற்கணும்னு எந்தச் சட்டத்திலேயும் எழுதலை. இதைக் கேட்கிறதுக்கு நீங்க எந்தக் கோர்ட்டுக்குப் போவீங்க?"

போன வருஷம் வேலூரில் பேர்பெற்ற வக்கீல் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அப்போதுதான் பி.ஏ. முடித்திருந்தேன். தன் உயிருக்கு ஆபத்து என்று ஒருத்தி முன்கூட்டியே வந்து சொல்லியும் போலீசார் சும்மா இருந்துவிட்டால் அவர்களைக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் நல்ல மனிதர். எனக்குக் காப்பி வரவழைத்தார். தோல் பதனிடும் ஷாப்பில் கூலி வேலை செய்கிறவர் மகள் இவ்வளவு தூரம் படித்துவிட்டாளே என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார். டீச்சர் வேலைக்குப் போகும்படி புத்தி சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

என் கேள்வியின் வயது அவருக்குத் தெரியாது. அதற்குப் பதின்மூன்று வயது.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றை ஒட்டியது எங்கள் ஊர். அப்பாவுக்கு ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. அவருடைய விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்துக் கிடக்கும். அம்மாவும், அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவும் தோல் பதமாக்குவதற்கு ஆவாரம்பட்டை இடித்தார்கள். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒரே ஆள் நான். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் நான் போக மாட்டேன். கையைக் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு, அவர்கள் கொஞ்சம் காத்திருந்த பிறகுதான் போவேன்.

சின்னம்மா புருஷனை விட்டு எங்களோடு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா மலையிலிருந்து பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர். குடிக்காத நாட்களில் எனக்கு இலந்தைப்பழம் கொண்டுவந்து தருவார். குடித்த நாட்களில் ஷாப்பு வாசலில் வண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு, "நீ எங்க போனாலும் வுட மாட்டேன்டி. பட்டை வெட்டுற கத்தி இன்னாத்துக்கு வச்சிருக்கேன்னு நெனச்சே?" என்று கத்துவார். முதலில் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருநாள் அவர் கத்தாமல், மெதுவான குரலில் அதையே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அப்பா பயந்துவிட்டார்.

கோலார் தங்கவயலில் என் மாமா இருந்தார். சின்னம்மாவை அங்கே அனுப்பிவிடுங்கள் என்று அவர் எழுதியிருந்த கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ரயில் என்று முடிவாகி, சின்னம்மாவின் தகரப்பெட்டியில் துணிகூட அடுக்கியாகிவிட்டது. அவளுக்கு மட்டும் மனசில்லை.

"ஊரை வுட்டு ஓடுறதுக்கு நான் இன்னா திருடினேனா? டாணா எதுக்கு இருக்குது? ஒரு மனு எழுதிக் குடு கண்ணு, சொல்லிப் பாப்போம்" என்றாள்.

டாணா என்பது எங்கள் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன். நோட்டுப் புத்தகத்தின் நடுவிலிருந்து கோடு போட்ட தாளைக் கிழித்து, என் வாழ்க்கையின் முதல் மனுவை எழுதினேன். தன் புருஷன் தன்னைக் கொன்றுவிடுவதாகப் பயமுருத்துகிறார் என்றும், தன் உயிருக்குத் தக்க காவல் தரவேண்டும் என்றும் சின்னம்மா சொல்லுவதாக இரண்டு வாக்கியம். கீழே அவளுடைய பெருவிரலை என் மைக்கூட்டில் தோய்த்து வைத்தோம். பட்டை இடித்து இடித்து ரேகை தேய்ந்துபோன விரல். தாளில் வெறும் நீலப் பொட்டுத்தான் விழுந்தது.

நாங்கள் இருவரும் போனபோது டாணாவில் ஏட்டு இருந்தார். தாளைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மலர்ந்தது.

"யார் எழுதினது?"

"எங்க அக்கா பொண்ணுதாங்க ஐயா."

"முத்து முத்தா எழுதியிருக்காளே!" என்றவர், சிவப்புப் பேனாவை எடுத்து ஓர் எழுத்தை அடித்துத் திருத்தினார். "பயமுறுத்துகிறார். வல்லின று போடணும். உங்க வாத்தியார் இதெல்லாம் சொல்லித் தரலையா?"

எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. என் எழுத்தை ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் படித்துத் திருத்துகிறார்!

"அந்த ஆளைக் கூப்ட்டு ஒரு தபா மிரட்டி வையுங்க ஐயா" என்றாள் சின்னம்மா.

"இன்னும் ஒண்ணும் ஆவலியேம்மா. வாயால சொன்னதுக்கெல்லாம் ஆளைப் புடிச்சா இங்க இடம் பத்துமா? எதுனா ஆச்சுன்னா வா."

"ஆனப்புறம் நான் எங்கருந்து ஐயா வர்றது?"

அங்கிருந்த கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். சின்னம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு எப்போதும் வாய் ஜாஸ்தி. ஆனாலும் அவள் நகரவில்லை. எழுதி ஏதாவது கொடுங்கள் என்று நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் ஏட்டு மனுவின் ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதி, முத்திரை குத்தி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஓரத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: பார்வையிடப்பட்டது.

"அப்டின்னா இன்னாடி?" என்றார் அப்பா.

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் தெரியாது என்று அந்த வீட்டில் நான் ஒருநாளும் சொன்னதில்லை. பார்வை இருக்கிறது, பார்ப்பது இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு, "பாத்துக்குவோம்னு எழுதியிருக்காங்க. டாணாவிலே சின்னம்மாவைப் பாத்துக்குவாங்களாம்" என்றேன்.

"நெசமாவா? அந்த ஏட்டு வாயால அப்டிச் சொல்லலியாமே" என்றாள் அம்மா.

"சர்க்கார்த் தமிழ் அப்படித்தான் இருக்கும். உனக்குத் தெரியாது" என்றேன்.

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், எழுதியதுதான் நிற்கும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அப்படி நம்ப வைத்ததே நானும் என் பள்ளிக்கூடமும்தான். சின்னம்மா அன்று மாலையே பெட்டியைப் பிரித்துச் சேலைகளைக் கொடியில் போட்டாள். அவள் வரவில்லை என்று மாமாவுக்குக் கடிதமும் என் கையாலேயே எழுதினேன்.

அந்தத் தாளை அவள் நாலாக மடித்து எப்போதும் இடுப்பில் செருகியிருந்தாள். பத்து நாட்களுக்குச் சித்தப்பா ஊருக்குள் தலைகாட்டவில்லை. எல்லாம் தாளின் வேலை என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் பட்டைக்காக மலைக்குப் போயிருந்தார், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் உச்சிவேளையில், ஷாப்புப் பெண்கள் தோலிலிருந்து வழித்த ஆட்டு முடியை ஆற்று மணலில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் வண்டி கரையில் வந்து நின்றது. மற்றப் பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சின்னம்மா ஓடவில்லை. இடுப்பிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "இன்னா இதுன்னு பாத்துக்கோ. என்னைப் பாத்துக்குறோம்னு டாணாவிலே எழுதிக் குடுத்திருக்காங்க" என்றாளாம்.

சித்தப்பாவுக்கும் படிக்கத் தெரியாது. கொஞ்ச நேரம் அந்த முத்திரையையே வெறித்துக்கொண்டு நின்றாராம். தூரத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் இதை மட்டும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அதை நான் எழுதப் போவதில்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியபோது மணலில் சின்னம்மாவைச் சேலையால் மூடியிருந்தார்கள். அவளைச் சுற்றி நாலு போலீஸ்காரர்கள் நின்றார்கள். கூட்டத்தை நெருங்கவிடாமல் தடியைக் குறுக்கே பிடித்து, காக்கையைக்கூட விரட்டிக்கொண்டு, அப்படி ஒரு காவல். ஏட்டும் இருந்தார்.

"பாத்தியாம்மா, வந்துட்டாங்க" என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா காதில் அது விழவில்லை. விழாமல் இருந்ததற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் சித்தப்பாவைப் பிடித்துவிட்டார்கள். வேலூர்க் கோர்ட்டில் கேஸ் நடந்தது. அந்தத் தாளை மணலிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர் முன்பே மிரட்டினார் என்பதற்கு அதுதான் பலமான சாட்சியாம். அவள் உயிரோடு இருந்தபோது ஓர் ஆளைக்கூட அசைக்காத தாள், அவள் போனபிறகு நன்றாக வேலை செய்தது. சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கேஸைத் திறமையாக நடத்தினார் என்று ஏட்டைப் பாராட்டினார்கள். "உன் எழுத்தை ஜட்ஜு படிச்சாராம்" என்று அப்பா வந்து சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதை எல்லோரிடமும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

போலீஸ்காரர்கள் சொன்னபடி வந்தார்கள், என்ன, கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றே நான் மூன்று வருஷம் நினைத்திருந்தேன். என் பன்னிரண்டாம் வயதில் எங்கள் பள்ளிக்குக் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். ஒழுகுகிற கூரையை அண்ணாந்து பார்த்தார். ரிஜிஸ்டரில் ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். ரிஜிஸ்டரைத் தலைமையாசிரியை அறைக்கு எடுத்துப் போகச் சொன்னது என்னைத்தான். போகும்போது பிரித்துப் பார்த்தேன். பார்வையிடப்பட்டது. அந்த மழைக்காலம் முழுவதும் கூரை ஒழுகியது. ஒழுகுகிற இடத்துக்குக் கீழேதான் என் பெஞ்சு. பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு என்று அங்கே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். ஏட்டு பொய் சொல்லவில்லை. வருவதாக அவர் எழுதவே இல்லை. எழுதாததைப் படித்தவள் நான்.

"டாணாக்காரன் எழுதிக் குடுத்துட்டு வாக்குத் தவறிட்டான்" என்று அம்மா இத்தனை வருஷமும் சொல்லி வந்தாள். அவள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என் தப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதில் யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டேன். ஆனால் நான் சரியாகவே படித்திருந்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கொல்லப்போகிறான் என்று ஒருத்தி வந்து நிற்கும்போது, ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு அனுப்புவதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா? கொடுக்கிறது என்றுதான் வக்கீல் சொன்னார். அதை என் கண்ணாலேயே படித்துப் பார்க்க வேண்டும். இந்த முறை எழுத்துக் கூட்டி அல்ல.

போன மாதம் சென்னைக்குப் புறப்பட்ட அன்று, ஆம்பூர் ரயிலடியில் வைத்து அம்மாவிடம் அந்த வார்த்தையின் அர்த்தத்தைச் சொன்னேன். சின்னம்மாவின் தகரப்பெட்டிதான் இப்போது என் பெட்டி. அம்மா அதன் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். "வண்டி வந்துடுச்சி, ஏறு" என்றாள்.

சட்டக் கல்லூரியில் குமாஸ்தா என் விண்ணப்பத்தை வாங்கி, ஓரத்தில் ஏதோ கிறுக்கி, "ஆச்சு, போகலாம்" என்றார். நான் போகவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நானே படித்தேன். சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்குப் போய் வருகிறேன்.