தேவாரத்தில் ராவணன் வீட்டுக் கல்யாணம்

மதுரை ஆரப்பாளையத்தில் தேனி வண்டி ஏறியபோது காலை ஏழரை மணி. திருச்சியிலிருந்து விடியுமுன் கிளம்பியிருந்ததால் உசிலம்பட்டி வரை தூங்கிவிட்டேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பேருந்து முனகிக்கொண்டு ஏறும்போதுதான் கண் விழித்தது. கணவாயைத் தாண்டியதும் மானாவாரிக் காடுகள். மழை பார்த்து நாளாகியிருந்த செம்மண், தூரத்தில் காற்றாலைகள், அவற்றுக்கும் அப்பால் மேற்கே நீலமாக ஒரு நீண்ட மலைச்சுவர். அந்தச் சுவரின் அடிவாரத்தில் இருக்கும் தேவாரம் என்ற ஊருக்குத்தான் நான் போக வேண்டும்.

முத்தரசியும் நானும் திருச்சியில் ஒரே மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறோம். விடுதியிலும் ஒரே அறை. மறுநாள் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரபு ஆண்டிபட்டிக்காரர், திருப்பூரில் வேலை. அலைபேசியில் அவள் அனுப்பிய பத்திரிகையைப் பேருந்தில் மறுபடி எடுத்துப் படித்தேன். 'தேவாரம் உரக்கடை தி. ராவணன் அவர்களின் மகள்' என்று இருந்தது. என் வாழ்நாளில் அந்தப் பெயரில் ஒரு மனிதரை நான் சந்தித்ததில்லை.

தேனியில் இறங்கிப் போடி வண்டி பிடித்தேன். பதினைந்து கிலோமீட்டர். போடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஏலக்காய் வாசனை. டீ பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து சில்லமரத்துப்பட்டி, சிலமலை, ராசிங்காபுரம் வழியாகத் தேவாரம் போகும் சிற்றூர் வண்டியில் கூட்டம் நெருக்கியது. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் மலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், யானை இறங்கி ஒடித்துப்போட்ட தென்னைகளைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். ஊர் எல்லையில் நடத்துநர் குரல் கொடுத்தார்: "ராவணன் கடையெல்லாம் எறங்கு."

அங்கே அது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயர். ஆறேழு பேர் சாதாரணமாக இறங்கினார்கள். நானும் இறங்கினேன்.

உர மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்த முத்தரசியின் அப்பா அறுபதை ஒட்டிய ஒல்லியான மனிதர். நரைத்த மீசை. பேச்சு காதில் விழுவதே கடினம், அவ்வளவு மெல்லிய குரல். என் பையை வாங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார்.

மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேன்களில் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் அவர்களுடைய ஆட்கள் வாசலில் ஒரு பெரிய பிளக்ஸை விரித்துக் கட்டினார்கள். மாப்பிள்ளை, பெண் படங்களுக்குக் கீழே பெண்ணின் தகப்பனார் பெயர் இருந்தது: தி. ராஜன்.

அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். விசாரித்தபோதுதான் தெரிந்தது, மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பக்கம் அடித்துக் கொடுத்த பத்திரிகையிலும் ராஜன்தான். பிரபுவின் பெரியப்பாதான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம். ஆண்டிபட்டியில் நூல் வியாபாரம் செய்பவர். அவர் வீட்டில் வருடா வருடம் ராமர் பஜனை நடக்கும். அதைப் பாடுகிற வாயால் இந்தப் பெயரைச் சொல்ல முடியாது என்று அவர் முடிவு செய்திருந்தார். கெட்ட மனிதராக எனக்குத் தெரியவில்லை. தன் சாமிக்குத் தான் செய்யும் மரியாதை இது என்று உண்மையாகவே நம்பினார்.

மணப்பெண் அறையில் முத்தரசி பாதி அலங்காரத்தில் இருந்தாள். அவளுடைய அப்பா கதவருகே நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "பேருதான ஆத்தா. ஒரு நாளைக்கு ராஜனா இருந்துட்டுப் போறேன். எனக்கு ஒண்ணும் கொறையல."

அவள் தலையில் பாதி வைத்த பூவோடு எழுந்து நேராகப் பந்திக் கூடத்துக்கு நடந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, பின்னாலேயே ஓடினேன். பெரியப்பா அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரபு. கல்யாணப் பெண் இப்படி வந்து நிற்பதைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அப்பாவின் பெயரை ஏன் மாற்றினீர்கள் என்று அவள் கேட்டதும், தங்கள் வீட்டில் அந்தப் பெயர் ஒலிக்கக்கூடாது என்று பெரியப்பா நிதானமாகவே சொன்னார். அடுத்தவன் பெண்டாட்டியைத் தூக்கிப் போனவன் பெயரைத் தாலி கட்டுகிற இடத்தில் சொல்வார்களா என்று கேட்டார்.

"பெரிய மாமா, தப்பா எடுத்துக்கிராதீக," என்றாள் முத்தரசி. "ராவணன் செஞ்சது சரின்னு நான் சொல்ல வரல. சீதை வேணாம்னு சொல்லச் சொல்லக் கொண்டுபோய் வச்சிருந்தான். அதை எந்தப் பொம்பளையும் ஒத்துக்கிட மாட்டா. அதுக்குத்தான் பத்துத் தலையையும் எடுத்தாச்சே. இன்னும் எங்கப்பா பேரையும் எதுக்குக் கேக்குறீக?"

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். காலையில் ஐயர் கேட்கும்போது ராஜன் என்று சொன்னால் கல்யாணம் நல்லபடியாக நடக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குள் என்ன மிரட்டல் இருந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

பெயரை மாற்றியது பிரபுவுக்கு முன்பே தெரியும். பெரியப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பிளக்ஸைக் கழற்றச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"கழட்டுறதுல என்ன இருக்கு?" என்றாள் அவள். "சொல்லணும்."

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. நான் ராமரைக் கும்பிடும் வீட்டில் வளர்ந்தவள். திருவரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வேறெப்படி வளர முடியும்? ஒரு பெயருக்காக ஒரு கல்யாணத்தையே கெடுத்துக்கொள்வதா என்று கேட்க என் வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

விடிந்தபோது வாசலில் பிளக்ஸ் இல்லை. கட்டிய கயிறுகள் மட்டும் தொங்கின. ஆறரைக்கு முகூர்த்தம் தொடங்கியது. போடியிலிருந்து வந்திருந்த ஐயர் வயதில் இளையவர், கொஞ்சம் அவசரக்காரர். தாரை வார்ப்பதற்கு முன் பெண்ணின் தகப்பனார் பெயரைக் கேட்டார். முத்தரசியின் அப்பா மகளைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவைப் பார்த்தார். பின்னாலிருந்து பெரியப்பா சத்தமாக, "ராஜன்," என்றார்.

ஐயர் மந்திரத்தைத் தொடங்கப் போனார்.

"இல்லங்க சாமி," என்று முத்தரசி நிமிர்ந்தாள். "எங்கப்பா பேரு ராவணன்."

மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். ஐயர் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் மாப்பிள்ளையைப் பார்த்தார். பிரபுவின் நெற்றியெல்லாம் வியர்வை. அவர் பெரியப்பா பக்கம் திரும்பவில்லை.

"ராவணன் மக முத்தரசி. அப்பிடியே சொல்லுங்க சாமி," என்றார்.

ஐயர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. "சாமவேதம் பாடினவர் பேருதானே, மந்திரத்துல வந்தா என்ன," என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு கணீரென்று தொடங்கினார். வழக்கப்படி வம்சத்தை மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அந்தப் பெயர் அக்கினிக்கு முன்னால் ஒலித்தது. முத்தரசியின் அப்பா தண்ணீர்ச் செம்பைச் சாய்த்துத் தாரை வார்த்தார்.

பெரியப்பா மேடையை விட்டு இறங்கிவிட்டார். தாலி கட்டும்போது கீழே நின்றபடி அட்சதை போட்டார், அதைப் பார்த்தேன். ஆனால் பந்தியில் உட்காராமல் வேனில் போய் ஏறிக்கொண்டார். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

மத்தியானம் முத்தரசியின் அப்பாவே என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் போடி வரை கொண்டுவந்து விட்டார். அவ்வளவு நேரமும் கேட்கத் தயங்கியதை வழியில் கேட்டேன்: யார் வைத்த பெயர் இது?

கட்சிக்காரரோ நாடகப் பித்தரோ யாராவது இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"எங்க அம்மா வச்சது. எனக்கு முன்னாடி ரெண்டு புள்ள பெறந்து, ரெண்டும் மாசக் கணக்குலயே போயிருச்சு. மூணாவதா நான். பேரு வைக்கிற அன்னிக்கு, எமனை அடிச்சு விரட்டுனவன் யாருன்னு எங்க அம்மா கேட்டாகளாம். ராவணன்னு யாரோ சொல்லியிருக்காக. அப்ப அதையே வைங்கன்னுட்டாக. எம்புள்ள கிட்ட வர எமன் யோசிக்கணும்னாகளாம்."

போடியில் என்னை மதுரை வண்டியில் ஏற்றிவிட்டுத்தான் அவர் திரும்பினார்.

மதுரைக்குத் திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்திலும் பிள்ளைகள் தங்காத வீடுகள் உண்டு. அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் பிச்சை என்றோ குப்பு என்றோ பெயர் வைப்பார்கள். ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் பார்க்காமல் போய்விடுவானாம். என் சொந்தத் தாய்மாமன் பெயரே பிச்சைதான். பயந்து, பணிந்து, கெஞ்சிப் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது. அதையும் குறை சொல்ல மாட்டேன்.

இந்த மலையடிவாரத்தில் ஒருத்தி கெஞ்சவில்லை. இரண்டு பிள்ளைகளை எமனுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கையில் ஏந்திக்கொண்டு, வந்து பார் என்றாள்.