மேல் ஈறில் ஒரு கட்டி

பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் ஈறில் நாவல்பழ நிறத்தில் ஒரு கட்டி. கோச்சடையில் தனி ஆளாகக் குடியிருக்கும் எனக்கு, "இது என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று வாயைத் திறந்து காட்ட ஆள் கிடையாது. நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டுகிற டீச்சர், ஸ்டாஃப் ரூமில் போய் ஆ காட்டவா முடியும்?

பல் ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. கட்டியின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினாள், வெளுத்தது. எடுத்ததும் பழையபடி கறுத்தது.

"உள்ள ரத்தம்தான் டீச்சர். ஆனா இதுல பல வகை இருக்கு, பாக்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். புதுசா வந்த கட்டின்னா வெட்டி எடுத்துரலாம். பிறவியில இருந்தே இருக்கிற ரத்தக்குழாய்க் கோளாறுன்னா சட்டுனு கத்தி வைக்கக் கூடாது, ரத்தத்தை நிப்பாட்டுறது கஷ்டம். எப்ப இருந்து இருக்கு?"

எனக்கு எப்படித் தெரியும்? கண்ணாடி முன்னால் நின்று யார் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்? "வீட்ல கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். கேட்டுவிட்டு வர வேண்டுமாம். அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. தம்பிக்குப் போன் போட்டால், "எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்கிறான். பழைய போட்டோக்களில் எல்லாம் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறேன்.

மிச்சம் ஒரே ஆள்தான். என்னை விட்டுவிட்டு எழுமலைக்குப் போய் வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறவர். செத்தாலும் கூப்பிடக் கூடாது என்று இருந்தவள், மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"யாரு பேசுறது?" என்றார். என் நம்பரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை, மகராசன். யார் என்று சொல்லி, ஈறில் இருக்கும் கட்டியைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"இடது பக்கம்தானே? கல்யாணமான புதுசுலயே இருந்துச்சே. சின்னதா, செவப்பா. நீ நல்லா சிரிக்கிறப்ப மட்டுந்தான் தெரியும்" என்றார்.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லவே இல்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். மறந்து தொலைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "நல்லவேளை கேட்டீங்க. இப்ப வெட்ட வேண்டாம், முதல்ல ஸ்கேன் எடுத்துருவோம். இம்புட்டு கரெக்டா யாரு சொன்னது?"

"எங்க வீட்டுக்காரரு."

"அப்ப ஸ்கேனுக்குச் சாரையும் கூட்டிட்டு வாங்க டீச்சர்."

சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்து பஸ் ஏறினேன்.