நின்றுகொண்டு வாசிக்க ஒரு கிட்டார்

எங்கள் குவார்ட்டர்ஸில் மின்சாரம் கிடையாது. இரண்டு மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு அரிக்கேன், அவ்வளவுதான். ஆனால் மின்சாரக் கிட்டார் இரண்டு இருந்தன. இலங்கை மலைநாட்டில், பெரகலைக்கு மேலே, மேகம் ஏறி வந்து வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்கிற உயரத்தில், தோட்டத்து ஆபீஸில் டைப் அடிக்கிற கிளாக்கருக்கு இரண்டு போதாது என்று அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தோன்றியது.

முதலாவது ஹவாயன். மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தேய்த்து, அழ வைக்க வேண்டும். மொனராகலைக்கு மாற்றலாகிப் போன தோட்டத்து மருந்து டிஸ்பென்சர், அங்கத்தைய வெக்கையில் மரம் வெடித்துவிடும் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டாவது, பண்டாரவளையில் ரேடியோ திருத்துகிற கடையில் ஆணியில் தொங்கியது. வயிறு பெருத்தது, நாற்காலியில் உட்கார்ந்துதான் அணைக்க முடியும். இரண்டுக்கும் கரண்டு வேண்டும். எங்கள் தோட்டத்தில் கரண்டு பங்களாக்களுக்கும் ஸ்டோருக்கும் மட்டும் சொந்தம். ஸ்டோர் என்றால் கடையல்ல. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கரண்டு இல்லாமல் வாசித்தால் இரண்டும் கொசு மாதிரிப் பாடும். ஒருமுறை பேட்டரி ரேடியோவோடு கம்பி இழுத்துச் சேர்த்துப் பார்த்தேன். ரேடியோ அன்றோடு வாயை மூடிக்கொண்டது. மனைவி மூடவில்லை.

அப்போதுதான் சின்னத்துரை, அதாவது பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரர், சீமைக்கே திரும்பிப் போவதாக முடிவு செய்தார். கிளப் நடனங்களில் கிட்டார் வாசிப்பவர். அவரிடம் இரண்டு இருந்தன. மூன்று வருஷம் அவருடைய காதல் கடிதங்களை எழுத்துப் பிழை நீக்கி டைப் அடித்துக் கொடுத்ததற்காக (அவற்றில் பலனளித்தது ஒன்றுமில்லை, அது என் குற்றமல்ல) ஒன்றை எனக்கே தருவதாகச் சொன்னார்.

"நீ ஒண்ணு எடு. எது புடிக்குது, அது. மத்தது நான் கப்பல்ல கொண்டுபோறது. நாளைக்கு காலை ரயில்."

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். மனைவி பருப்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ரெண்டு ஊமை பத்தாதுன்னு மூணாவதா?"

"அது அப்படியில்ல. ஒண்ணு மடியில கிடத்தி வாசிக்கிறது. ஒண்ணு உக்காந்து வாசிக்கிறது. நின்னுக்கிட்டு வாசிக்க ஒண்ணு வேணாமா? அப்பதானே பூர்த்தியாகும்."

"நின்னுக்கிட்டு என்ன வாசிப்பீங்க?"

"இதே பாட்டுத்தான்."

அவள் உப்பை இன்னும் கொஞ்சம் போட்டாள். அன்றைய பருப்பை யாரும் பூர்த்தி செய்யவில்லை.

எதை எடுப்பது? ஒன்று சிவப்பு. நனைந்த செம்பருத்தியின் சிவப்பு; பார்த்தவனைத் தன்னையே மறக்க வைக்கிற சிவப்பு. மற்றது பழுப்பு, பழைய அலுமாரிக் கதவை அறுத்துச் செய்த மாதிரி. என் மனம் எப்போதோ சிவப்போடு போய்விட்டது. ஆனாலும் சேகரிப்பவன் என்று பேர் வாங்கிய பிறகு காதால் அல்லவா தேர்ந்தெடுக்க வேண்டும்? கண்ணால் தேர்ந்தெடுப்பவன் சேலைக் கடைக்குப் போகலாம். இரண்டையும் கேட்டுப் பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். என்னை ஆட்டிவைத்த சத்தியங்களிலேயே உதவாக்கரை இதுதான்.

துரையின் சாமான்கள் எல்லாம் லாரிக்காக ஏற்கெனவே ஸ்டோருக்கு இறங்கியிருந்தன. கிட்டார்களும் ஒலிபெருக்கிப் பெட்டியும் அங்கேதான். ஸ்டோரை ஆண்டவர் டீமேக்கர். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் மூன்று கோடு, பேச்சில் முப்பது. இலை வாடுவதும் அரைபடுவதும் அவர் சொல்படி. கொழுந்து நிறுக்க மலையிலிருந்து பெண்களை இறக்குகிற சங்கும் அவர் கைப்படி. மாலை நாலரைக்கு அவர் கைப்பிடியை இழுத்தால் மலையே இறங்கும். அவருக்கு முன்னே சூரியன் இறங்கினாலும் செல்லாது.

"கால் மணித்தியாலம்தான் காணும். மூண்டு மணிக்கு முதல் நீர் முடிச்சிட்டுப் போயிடும்," என்றார். "உந்தப் பலகையிலை என்ன வாசிக்கிறது? வயிறே இல்லை. பட்டினியிலை கிடந்து செத்த வீணை மாதிரிக் கிடக்கு."

அன்று மூடுபனி. சரக்கு ஏற்றுகிற கதவு மலையைப் பார்த்துத் திறந்திருந்தது; ஆனால் மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லாமை நின்றது. அந்த வெள்ளைக்குள்ளே எங்கோ பெண்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைக் கதவோரம் வைத்து, முதலில் கடமைக்காகப் பழுப்பை மாட்டினேன். வாரைத் தோளில் போட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நின்றுகொண்டு, தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இலை அரைக்கிற உருளைகள் இரைந்துகொண்டிருந்தன. கிட்டாரின் குமிழைக் கொஞ்சம் திருகினேன். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு, கலைஞன் அல்லவா, கடைசி வரைக்கும்.

மெல்லிசாக ஒரு நாதம் எழுந்தது. போதும், அலுமாரிக் கதவுக்கு உரிய மரியாதை செய்தாயிற்று என்று அதைப் பெட்டிமேலேயே சாய்த்து வைத்துவிட்டுச் சிவப்பை எடுக்கக் குனிந்தேன்.

பெட்டிமேல் சாய்ந்தது தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டதுபோலும். பிடித்துப் போயிற்று. திரும்பச் சொன்னது. சொன்னதைக் கேட்டு இன்னும் உரக்கச் சொன்னது. கீழே தொடங்கி மேலே மேலே ஏறி, உச்சியில் நின்று, இறங்கவே மனமில்லாத ஓர் ஊளை.

"என்ன காணும் உது!" டீமேக்கர் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். "நிப்பாட்டும்! காட்டுப் பண்டியைக் குத்தினமாதிரிக் கத்துது!"

கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன், நிற்கவில்லை. குமிழைத் திருகினேன், பதற்றத்தில் பிடித்தது சிவப்பின் குமிழ். அதற்கு இணைப்பே கொடுத்திருக்கவில்லை.

மூடுபனிக்குள் கலகலப்புக் கேட்டது. பிறகு கூடைகள். பிறகு கூடைகளுக்குக் கீழே பெண்கள், இடுப்பில் சாக்குப் படங்கு ஈரத்தில் கனக்க, வரிசை வரிசையாக. எல்லாருக்கும் முன்னால் இறங்கியவர் அவர்களை மேய்க்கிற கணக்கப்பிள்ளை. என்னைக் கண்டதும், "இதுகளைப் புடிக்கத்தாங்க ஓடியாந்தேன்," என்றார். பிடிக்க வேண்டியவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் இருந்தார்கள்.

"சங்கு ஊதிருச்சுங்களே," என்றாள் முன்வரிசையில் நின்ற ஒருத்தி. நடுவயது, வெற்றிலை வாய், ஆபீஸ் ஜன்னல் வழியாக எனக்குப் பழக்கமான குரல். "என்ன, இன்னைக்கு நேரத்தோட ஊதுதேன்னு பாத்தோம். பனில பொழுது யாருக்குத் தெரியுது?"

கூடைகளை எட்டிப் பார்த்தேன். பாதிகூட இல்லை. பாதிக் கூடைக்கு அரை நாள் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும்.

டீமேக்கர் என் காதருகே குனிந்தார். "கேளும். சங்கை நான் இழுக்கேல்லை. பெண்டுகள் தாங்களா இறங்கினவை எண்டு சொல்லுவம். உமக்கும் கிட்டார் மிஞ்சும், எனக்கும் வேலை மிஞ்சும்."

நான் அந்த இடத்தில் நிமிர்ந்து நின்று உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். பேனாவும் தயார். உண்மையில் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுச் சின்னத்துரையே வந்து, "யாரு சங்கு ஊதினது?" என்றபோது, பெண்களைக் கைகாட்ட என் விரல் பாதி எழுந்திருந்தது. ஆனால் அந்தப் பழுப்புச் சனியன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. துரை பெட்டியைப் பார்த்தார், கிட்டாரைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். என்னால் சொல்ல முடியாத உண்மையை ஓர் அலுமாரிக் கதவு மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, என் விரல் வழிமாறி என் நெஞ்சையே காட்டியது.

"நான்தாங்க. இதுதாங்க."

துரை போய்ப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினார். ஊளை நின்றது; உருளை இரைச்சலுக்கு மேலே அவருடைய சிரிப்பு கேட்டது. நாளைக்கே ரயில் ஏறுகிற மனிதருக்கு அடுத்தவன் தேயிலையில் தாராளம் காட்ட என்ன கஷ்டம்?

"சங்கு ஊதினா ஊதினதுதான். கொழுந்தை நிறு. எல்லாருக்கும் முழுப் பேர் போடு. வீட்டுக்குப் போகச் சொல்லு."

மூன்று மணிக்கு வேலை விட்டது. பனி விலகி, அவர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகிற பாதையில் வெயில் விழுந்தது. அந்தப் பெண்கள் பகல் வெளிச்சத்தில் தங்கள் வாசலுக்கு நடந்து போவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒருத்தி ஈரப் படங்கை உதறிக் கொடியில் போட்டாள், காய நேரமிருந்தது.

"எது எடுக்கிறது?" என்றார் துரை.

சிவப்பைப் பார்த்தேன். அதன் குரலை நான் கேட்கவே இல்லை, இன்றுவரை கேட்கவில்லை. பழுப்பை எடுத்தேன். என் கையிலிருந்த எந்த வாத்தியத்துக்கும் ஒரு மனுஷன்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இது தொட்டதும் ஒரு மலை இறங்கியது. சேகரிப்பவனுக்கு இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

அந்தச் சாமான் இனி ஸ்டோர் வாசல் மிதிக்கக்கூடாது என்று டீமேக்கர் தீர்ப்புச் சொன்னார். ஆக, சேகரிப்புப் பூர்த்தியானது: படுத்த ஊமை, உட்கார்ந்த ஊமை, நின்ற ஊமை. மனைவி மூன்றுக்கும் ஒரே துணி போட்டு மூடினாள்.

பல நாளைக்குப் பிறகும், நனைந்து போய் எங்கள் வாசலைத் தாண்டுகிறபோது அந்த வெற்றிலை வாய்க்காரி நின்றுவிடுவாள்.

"கிளாக்கையா, சங்கை ஒருக்காத் தட்டுங்களேன்."

நான் வாரைத் தோளில் போட்டு, நின்றுகொண்டு, தட்டுவேன். அவள் கூடையை இறக்காமலே காதைச் சாய்த்து, ரொம்ப நேரம் கேட்பாள்.

"ம்ஹும். இது மலைக்குக் கேக்காதுங்க."