பின்னால் போகக் கூடாத ஜீப்

மாமா ஜீப் வாங்கியபோது எனக்கு எட்டு வயது. வேலை பார்த்த ஃபேக்டரியை மூடிவிட்டதால், ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட் ஹாலில் ஆறு மாதமாகப் படுத்துக் கிடந்தவர், திடீரென்று ஒருநாள் புக்கிட் மெர்தாஜாம் போய் அந்த வண்டியோடு திரும்பினார். பழைய ஃபோர் வீல். நாலு சக்கரமும் இழுக்கும். முன்னால் இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் ஒன்று இருந்தது. மலையில் விழுந்த மரத்தை அதால் இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவரலாமாம். மலையிலிருந்து வண்டி விழுந்தால் அதை எதால் இழுப்பது என்று நான் கேட்டேன். மாமா வண்டியைத் துடைக்கப் போய்விட்டார். நான் கேட்கிற கேள்விகளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

பாலிக் பூலாவில் டுரியான் பழத்தோட்டம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, முதல் வேலை கொடுத்தார். காற்றில் விழுந்த ஒரு பெரிய மரம் தோட்டத்துப் பாதையை அடைத்துக் கிடந்தது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மரம் ஏற்றும் லோரி வரும்போது அது ரோட்டோரம் இருந்தால், அந்த மலை முழுக்க மரம் இழுக்கிற வேலை மாமாவுக்கு. இல்லாவிட்டால் டிராக்டர் வைத்திருக்கும் வேறு ஆளுக்கு.

முதல் வேலை என்பதால் அன்று காலையில் அம்மா முனீஸ்வரர் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட வைத்தார். சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலுமிச்சம்பழம். கூடவே ஒரு கட்டளை.

“பூஜை போட்ட வண்டி இன்னிக்குப் பூரா முன்னாடிதான் போகணும். ரிவர்ஸ் எடுத்தே, உன் பொழப்பும் ரிவர்ஸ்லதான் போகும்.”

“சரிக்கா” என்றார் மாமா. அவர் பேச்சை நம்பாமல் அம்மாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். வீட்டில் தனியாக இருக்கப் பயந்து நானும் ஏறினேன்.

வழியில் பெட்ரோல் போடப் போய் பம்பைத் தாண்டி ஒரு முழம் முன்னால் நிறுத்திவிட்டார் மாமா. வேறு யாராவது என்றால் கொஞ்சம் பின்னால் எடுத்திருப்பார்கள். நாங்கள் ஸ்டேஷனை விட்டு வெளியே போய், ரவுண்டபவுட்டைச் சுற்றி, மறுபடி உள்ளே வந்தோம். பெட்ரோல் போடும் பையன் எங்களுக்குக் கைகாட்டினான்.

தோட்டத்தில் ரோட்டிலிருந்து ஒரு மண்பாதை லேசாக மேலே ஏறியது. மாமா உற்சாகமாக ஏற்றிக்கொண்டு போய் மரத்துக்கு முன்னால் நிறுத்தினார். தவுக்கேயின் ஆட்கள் கிளைகளை ஏற்கெனவே வெட்டி, அடிமரத்தைத் துண்டாக அறுத்து வைத்திருந்தார்கள். மாமா வின்ச் கயிற்றை மரத்தில் மாட்டினார். வண்டியில் ஏறினார். கியரில் கை வைத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

ஒரு பக்கம் மலை. மறுபக்கம் பள்ளம். வண்டியின் மூக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மரத்தை இழுத்துப் போக வேண்டிய ரோடு பின்னால் இருந்தது.

வண்டியைத் திருப்ப முயன்றார். முன்சக்கரம் பள்ளத்தின் ஓரத்தை எட்டியதும் நான் போட்ட கூச்சலில் ஒரு குரங்கு மரம் தாவியது. கீழே இறங்கித் திருப்பிக்கொண்டு வரலாம் என்றால், இறங்குவதும் பின்னால்தான்.

“அக்கா, ரோடு இருக்கிற பக்கம்தானே முன்னாடி? நாம போகப்போறது ரோட்டுக்கு.”

“லைட்டு இருக்கிற பக்கம்தான்டா முன்னாடி. பொட்டு வெச்சது அங்கதான்.”

தவுக்கே வந்து என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். மாமா விளக்கினார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சாமி விஷயம் என்றால் என்ன செய்வது என்று தலையை ஆட்டிவிட்டு, வாட்சை மட்டும் காட்டிவிட்டுப் போனார். மணி பதினொன்று பத்து.

காலையில் கோயிலில் பார்த்த ஒன்றை அப்போதுதான் சொன்னேன்.

“அம்மா, பின் சக்கரத்து எலுமிச்சம்பழம் ஒண்ணு நசுங்கலேம்மா. உருண்டு சாக்கடைல விழுந்துடுச்சு. நான் பார்த்தேன்.”

மாமா துள்ளி எழுந்தார். “பார்த்தியாக்கா! அப்ப பூஜை முடியவே இல்லலா! ரிவர்ஸ் எடுக்கலாம்!”

“பூஜை முடியலைன்னா வண்டியையே எடுக்கக் கூடாதுடா.”

மாமா மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஹாலில் படுத்திருந்த ஆறு மாதமும் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. கைகள் இரண்டும் முழங்காலுக்கு நடுவில் தொங்கின. அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, பள்ளத்தின் பக்கம் கையை நீட்டினார்.

“அந்தத் தோப்புக்குள்ள பாக்குக் கீரை கொழுந்து கொழுந்தா நிக்குது. பறிச்சிட்டு வர அரை மணி நேரம் ஆகும். பாப்பா, வாடி.”

வேலை போகப்போகிற நேரத்தில் பெரணிச் செடிக் கீரையா என்று எனக்குப் பதறியது. ஆனாலும் பின்னால் போனேன். அம்மா குனிந்து பறிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மேலே ஜீப் உறுமியது. எட்டிப் பார்த்தேன். கல்லும் மண்ணும் தெறிக்க ஜீப் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது. மரம் நாய்க்குட்டி மாதிரி அதற்கு முன்னால் இழுபட்டு வந்தது.

“அம்மா! மாமா ரிவர்ஸ் எடுக்கிறாரு!”

“இந்தக் கொழுந்து நல்லாருக்கு பாரு.”

“அம்மா! ரிவர்ஸ்மா!”

“கத்தாதடி, பாம்பு வரும். பறி.”

நான் அழுதுகொண்டே பறித்தேன்.

ரோட்டுக்கு வந்தபோது மரம் ஓரமாகக் கிடந்தது. லோரி அப்போதுதான் வளைவில் தலை காட்டியது. மாமா முகமெல்லாம் சேறு. ஜீப் ஒழுங்காக ஊர்ப் பக்கம் பார்த்து நின்றது.

“வண்டி தானாத் திரும்பிடுச்சுக்கா” என்றார்.

“திரும்பாம? பூஜை போட்ட வண்டியாச்சே” என்றார் அம்மா.

அந்த மலையில் மாமாவுக்கு நாலு வருடம் வேலை இருந்தது. அதையெல்லாம் நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. என் கவலை வேறு. ராத்திரி அப்பாவிடம் போய், அம்மாவை உடனே காது டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். அப்பா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. சரி, நானே பார்த்துவிடலாம் என்று ஒரு வாரம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கரண்டியைப் போட்டேன், சில்லறையைப் போட்டேன், குசுகுசுவென்று பேசிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் திரும்பினார். கரண்டியைப் போட்டதற்கு எனக்கு அடியும் விழுந்தது.

நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாவதோடு, படிப்பை நிறுத்தியவள். பல விஷயம் எனக்கு லேட்டாகத்தான் ஏறும். அப்படி ஒரேயொரு சத்தம் மட்டும் கேட்காத காதை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று வெகுநாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.