குதிரை காதை அசைக்காத சத்தம்

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்த ஒரு புரட்டாசி நண்பகலில், நானும் என் மனைவியும் சாத்தூர்த் திரையரங்கு ஒன்றில், தமிழில் குரல் மாற்றப்பட்ட போர்ப்படம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்நேரம் எங்கள் மகள், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில், வெடிகளுக்குத் திரி பொருத்தும் வேலையில் இருந்தாள்.

ஒரு சிப்பாயும் அவன் வளர்த்த குதிரையுமே கதை. பீரங்கிகள் முழங்கியபோது அரங்கில் ஒருவரும் அஞ்சினாரில்லை. “நம்ம அணுகுண்டு வெடியே இதுக்கு மேல கேக்கும்லே” என்று பின்வரிசையில் ஒருவர் ஏளனம் செய்தார்.

பின்னர், இடிந்த சுவரின் மறைவில் சிப்பாய் தன் ரொட்டியைப் பிட்டுக் குதிரைக்கு ஊட்டினான். அப்போது ‘டமார்’ என்றொரு பேரோசை எழுந்தது. சிப்பாய் திரும்பவில்லை.

மனைவி என் கையைப் பற்றினாள். “குதிரை காதைக்கூட அசைக்கலியே! இது வெளிய கேட்ட சத்தங்க.”

வீட்டுக்கு ஒருவராவது பட்டாசு வேலைக்குப் போகும் ஊர்; அனைவருமே எழுந்துவிட்டோம். ஆளில்லாத அரங்கில் போர் தொடர, நாங்கள் தெருவில் நின்று வானத்தில் புகையைத் தேடினோம். புகை தென்படவில்லை. ஆயினும் மனம் ஆறவில்லை. தேநீர்க்கடையின் ஒரு ரூபாய்த் தொலைபேசியில் கம்பெனியை அழைத்தேன்.

“இங்கன ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நீங்க எங்கன இருக்கீக?” என்றார் கணக்கப்பிள்ளை.

“குதிரைப் படத்துல.”

அவர் சிரித்தவாறே மகளை வரவழைத்தார். “என்னப்பா?” என்ற அவள் குரல் கேட்டது. மனைவி தொலைபேசியைப் பிடுங்கி, “சாப்பிட்டியா தாயி?” என்று மட்டும் வினவினாள்.

நெடுஞ்சாலையில் லாரி டயர் ஒன்று வெடித்ததாம். செய்தி எட்டியதும், “ஒரு டயருக்கா இம்புட்டு ஓட்டம்!” என்று ஒருவரையொருவர் கேலி செய்தபடி உள்ளே திரும்பினோம். அதற்குள் பெரும்போர் ஒன்று முடிந்திருந்தது. “குதிரை எங்கலே?” என்று பலரும் கூவினர். இறுதியில் அது நொண்டியபடி தன் சிப்பாயிடம் வந்து சேர்ந்தபோது, பின்வரிசைக்காரர் மூக்குறிஞ்சும் ஓசை எனக்குக் கேட்டது. என் துண்டும் நனைந்திருந்தது.

மாலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய மகள் சினந்தாள். “எப்பா, கணக்கப்பிள்ளை எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு. ஒரே சிரிப்பு. வெளிய தலைகாட்ட முடியல.”

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் கழுவி வந்தவள், சற்றே தணிந்து, “சரி, குதிரை பொளைச்சிச்சா?” என்றாள்.

“பொளைச்சிருச்சு தாயி” என்றேன்.