தாலித்தட்டு தாண்டிப்போன கை

தேவாலயப் பங்கு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என் போன்ற பெண்ணுக்கு, சாமியார் பாவங்களைக் கேட்க அமரும் பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒன்றுதான் குறை. மற்றபடி ஊரார் குறைகள் அனைத்தும் அவர் மேசைக்கே வந்துசேரும். மேசைக்குப் பின்னால் அமர்ந்து அல்லற்படும் அன்பர்களே, முதலில் இரண்டு செய்திகளை அறிந்துகொள்ளுங்கள். எங்கள் இராயபுரத்துக் கோயிலில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை அறிவிக்கும் ஓலை வாசிக்கப்படும்; தடை அறிந்தவர்கள் என்னிடம் தெரிவிக்கவேண்டும். திருமணத்தன்று மந்திரித்த தாலி தட்டில் வைக்கப்பட்டு, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகச் சுற்றிவரும். இலத்தீன் பூசை தமிழுக்கு மாறிய புதிது அது.

ஆகாத கிழமை

ஸ்டெல்லாவின் திருமணத்துக்கு முதல் ஓலை வாசித்த அன்றே மாப்பிள்ளையின் அத்தை பிலோமினம்மாள் வந்தார். நாள் தவறாமல் பூசை காண்பவர். திருமணம் செவ்வாய்க்கிழமையில் விழுகிறது, அதுவே தடையாம். செவ்வாயும் கடவுள் படைத்த நாள்தானே என்றேன்.

"ஆண்டவருக்கு எல்லா நாளும் ஒண்ணுதாம்மா. எங்க வூட்டுக்காரருக்குத்தான் செவ்வா ஆவாது."

புதனுக்கு மாற்றினோம்.

சாமியாரின் ஜெபப்புத்தகம்

இரண்டாம் ஓலைக்குப் பின் மீண்டும் வந்தார். மணப்பெண் ஸ்டெல்லாவின் தாய் ஆரோக்கியம் விதவை. தாலித்தட்டு அவர் கைக்குப் போகக்கூடாதாம். துறைமுகத்தில் மூட்டை சரிந்து கணவர் இறந்தபின், மீன்கூடை சுமந்து மகளை வளர்த்தவர் ஆரோக்கியம்.

பங்குச்சாமியாரிடம் முறையிட்டேன். எளியவர்க்கு நீதி வேண்டும் என்று ஒருமணி நேரம் பிரசங்கிப்பவர், பிலோமினம்மாளின் பெயரைக் கேட்டதும் ஜெபப்புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

"ரோமாபுரியே பண்பாட்டை மதிக்கச் சொல்லுதும்மா, வேணாம்னு சொல்ல நான் யாரு?"

முதல் வரிசை

திருமணத்தன்று தட்டை ஏந்தி வந்தவர் அத்தையே. முதல் வரிசையில் ஆரோக்கியம் கையை நீட்டினார். தட்டு அவரைத் தாண்டி அடுத்தவரிடம் போயிற்று. நீட்டிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

பீடத்தருகே நின்ற ஸ்டெல்லா திரும்பினாள். "எங்கம்மா தொடாத தாலி எனக்கு வாணாம்." மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். சாமியார் என்னைப் பார்த்தார். நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன்.

"தாலியறுத்தவ கை பட்டா குடும்பம் வெளங்குமா?" என்றார் அத்தை.

ஆரோக்கியம் மாதா சொரூபத்தைச் சுட்டிக்காட்டினார்.

"வூட்டுக்காரரு சூசையப்பர் போன பொறவு அந்தம்மாவும் என்னிய மாதிரிதான? அவங்கள மட்டும் இன்னாத்துக்குத் தேருல வச்சு இஸ்துகினு போறே?"

பின்னர் நடந்தவை

ஆரோக்கியம் தாலியைத் தொட்டார். அதன்பிறகே அது மகளின் கழுத்தில் ஏறியது. பிலோமினம்மாள் விருந்துக்கு வரவில்லை. வீட்டுக்கு அனுப்பிய பிரியாணித் தூக்கு காலியாகத் திரும்பியது. தட்டு இனி எல்லார் கைக்கும் போகவேண்டும் என்று அடுத்த ஞாயிறே சாமியார் அறிவித்தார், தாமே கண்டெடுத்த கொள்கைபோல. இறையியல் படித்தவர் எங்கள் பங்கில் அவர் ஒருவரே. அவருக்கும் பாடம் மீன்கூடையில்தான் வந்துசேர்ந்தது.